கருவியும் பொறியும்: ஆனந்த குமாரசுவாமியின் தொழிற்கொள்கை பற்றிய ஓர் ஆய்வு

மனிதன் தன் கையின் வலிமை போதாதவிடத்துக் கருவியைப் படைத்துக்கொண்டான். கருவி பெருகப் பெருகக் கையின் வேலை குறைந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமேற்கிலுள்ள பண்டத்தரிப்பு போன்றதொரு கிராமத்திலும் இன்று பொத்தானை அழுத்தியவுடன் கிணற்று நீர் மேலேறுகின்றது, மா அரைபடுகின்றது, துணி வெளுக்கப்படுகின்றது. கைத்தொலைபேசியில் ஒரு வினாவை இட்டால் முழுக் கட்டுரையே விடையாக வருகின்றது. இவ்வாறு உழைப்புக் குறைந்த வாழ்வு எளிய வாழ்வாகுமா? கை ஓய்ந்தவிடத்து ஆக்கத்திறன் வளருமா, தேயுமா? இவ்வினாக்கள் புதியன போலத் தோன்றினும், நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இலங்கைத் தமிழர் ஒருவர் இவற்றை ஆழ்ந்து நோக்கி ஒரு விடையும் கூறிச் சென்றார். அவர் கலாநிதி ஆனந்த குமாரசுவாமி. அவர் விடை இன்றைக்கும் செல்லுமோ, எவ்வளவிற்குச் செல்லும் என்பதை யாழ்ப்பாண மண்ணின் அனுபவத்தோடு ஒப்பு நோக்கி ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி யாழ்ப்பாணத்துக் குடிவழியினர், தாயார் ஆங்கிலேயர். இரண்டு வயதிலே தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்த அவர், நிலவியலும் தாவரவியலும் கற்றுத் தேர்ந்து, 1903ஆம் ஆண்டில் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராக அமர்ந்தார். கல்லையும் மண்ணையும் ஆராயக் கண்டி நாட்டுக் கிராமங்களினூடே சென்றவர், அங்கே தச்சரும் கொல்லரும் நெசவாளரும் ஓவியரும் செய்துவந்த கலைத்தொழில்கள் அழிந்துவருதலைக் கண்டார். ஆலைப் பொருள்கள் மலிவாக வந்திறங்க, உள்ளூர்க் கைவினைஞன் தன் தொழிலைக் கைவிட்டான். அத்தொழிலோடு அவனது மனப்பயிற்சியும் கைவிடப்பட்டது. இந்த இழப்பைப் பதிந்து வைக்கும் முயற்சியே 1908ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல். அடுத்த ஆண்டில் ‘இந்தியக் கைவினைஞன்’ வெளிவந்தது. 1917ஆம் ஆண்டு முதல் 1947ஆம் ஆண்டில் மறையும் வரை அவர் அமெரிக்காவிலே பொஸ்ரன் நுண்கலைக்கூடத்திற் பணியாற்றினார்.

அவருடைய தொழிற்கொள்கையின் உயிர்நிலை, கருவிக்கும் பொறிக்கும் அவர் வகுத்த வேறுபாடாகும். ‘கலையும் சுதேசியமும்’ என்னும் நூலில் அவர் இதனைத் தறியை எடுத்துக்காட்டி விளக்குகின்றார். கம்பளத் தறி பாவு நூலை இழுத்துப் பிடித்து நிற்கும். ஆயினும் நெய்வன விரல்களே. ஆதலின் அது கருவி. விசைத்தறியோ விரல்கள் செய்யும் வேலையைத் தானே செய்துவிடுகின்றது. தொழிலிலே மனிதனுக்கே உரிய பகுதி எதுவோ அதனை அது கவர்ந்துகொள்கின்றது. ஆதலின் அது பொறி. பின்னாளில் பொருளியலறிஞர் சூமாக்கர், சிறுமையே அழகு என்னும் பொருள்படும் பெயரோடு 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இக்கருத்தை எடுத்தாண்டமையால், குமாரசுவாமியின் பெயரறியாதாரும் இவ்வேறுபாட்டை அறிந்தனர்.

இக்கருத்தை மேலோட்டமாக நோக்குவோர், குமாரசுவாமி இயந்திரம் அனைத்தையும் வெறுத்த பழமைவாதி என முடிவு கட்டுவர். அவருடைய செயல்கள் அவ்வாறு காட்டவில்லை. ‘இடைக்காலச் சிங்களக் கலை’ நூலின் 425 பிரதிகளும் இங்கிலாந்தில் அவரது இல்லத்தை அடுத்திருந்த அச்சகத்திலே, வில்லியம் மொறிஸ் முன்னர்ப் பயன்படுத்திய கையச்சுப் பொறியில் அடிக்கப்பட்டன. 1907ஆம் ஆண்டிற் தொடங்கிய அச்சுவேலை முடிய ஓராண்டுக்கு மேற்பட்டது. அந்நூலிலுள்ள படங்கள் பலவற்றை ஒளிப்படக் கருவியாற் பிடித்துத் தந்தவர் அவருடைய முதல் மனைவியார் எதெல். அவ்வம்மையாரே பிற்காலத்தில் இங்கிலாந்தின் பேர்பெற்ற கைத்தறி நெசவாளராக விளங்கினார். 1924ஆம் ஆண்டில், சிறந்த ஒளிப்படக் கலைஞரான ஸ்ரீக்லிற்சின் படங்களைப் பொஸ்ரன் நுண்கலைக்கூடம் ஏற்றுக்கொள்ளுமாறு செய்தவரும் குமாரசுவாமியே. ஒளிப்படப் பெட்டி இயந்திரந்தான். ஆனால் எதை நோக்குவது, எவ்வொளியில் நோக்குவது, எக்கணத்திற் பிடிப்பது என்பன மனிதனிடமே நின்றன. எனவே ஒரு பொருளில் எத்தனை சக்கரங்கள் உள என்பதைக் கொண்டு அவர் தீர்ப்புக் கூறவில்லை என்பது தெளிவாகும். வேலையின் எப்பகுதி மனிதனிடம் எஞ்சுகின்றது என்பதே அவர் கேட்ட கேள்வி.

காந்தியடிகளும் ஏறத்தாழ இந்நிலையிலேயே நின்றார். 1924ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஓர் உரையாடலில், இயந்திரங்களை எதிர்க்கும் அவர் சிங்கர் தையற் பொறிக்கு மட்டும் விலக்களித்தார். அது வீட்டிலே ஒருவர் படும் வருத்தத்தைக் குறைப்பது என்பது அவர் காட்டிய காரணம். 1927ஆம் ஆண்டு நவம்பரில் அவர் யாழ்ப்பாணம் வந்தபோது, அவரை அழைப்பதில் முன்னின்றவர்கள் மாணவர் காங்கிரசைச் சேர்ந்த இளைஞர்கள். அவர் கதருக்கு நிதி திரட்டிச் சென்றார். அடிகள் காட்டிய காரணம் குமாரசுவாமியின் காரணத்தினின்றும் சிறிது வேறானது. குமாரசுவாமி வேலையை நோக்கினார். அடிகள் வேலை செய்பவரை நோக்கினார். இவ்வேறுபாடு பின்னர் வேண்டப்படும்.

இனி இக்கொள்கையை யாழ்ப்பாணத்து வரலாற்றில் வைத்துப் பார்த்தல் தகும். முதற்கண் அச்சுப்பொறி. 1820ஆம் ஆண்டளவில் வைத்தியர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் அமெரிக்க மிசனின் மருத்துவப் பணியைத் தொடங்கிய காலத்தில், அதே மிசனைச் சேர்ந்த அச்சுத்தொழிலாளர் ஒருவரும் கடல் கடந்து வந்தார். அரசு அவரைத் தங்க விடாமையால் அச்சுவேலை தடைப்பட்டு, 1834ஆம் ஆண்டளவிலேயே மானிப்பாயில் தொடங்கிற்று. ‘உதயதாரகை’ 1841ஆம் ஆண்டில் வெளிவந்தது. இதன் வலிமையை நன்குணர்ந்த ஆறுமுக நாவலர், 1849ஆம் ஆண்டிற் சென்னை சென்று அச்சுப்பொறியொன்றைப் பெற்று வந்து, வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். அதற்கு அவர் வித்தியாநுபாலன யந்திரசாலை எனப் பெயரிட்டார். ‘யந்திரசாலை’ என்னும் சொல்லை மிகவும் மரபுவழி நின்ற அப்பெரியார் தயங்காது கையாண்டமை கருதற்பாலது.

அச்சு வந்தபின் ஏட்டில் எழுத்தாணி கொண்டு எழுதிப் படியெடுக்கும் தொழில் மறைந்தது. ஆயினும் புலமை மறையவில்லை. பல ஏடுகளைத் தேடுதல், பாடங்களை ஒப்பிடுதல், சிதைந்தவிடத்து உண்மைப் பாடம் இதுவெனத் துணிதல் ஆகிய வேலைகள் அச்சினாலேயே பெருகின. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1881ஆம் ஆண்டில் வீரசோழியத்தையும் 1887ஆம் ஆண்டில் கலித்தொகையையும் பதிப்பித்தபோது பட்ட வருத்தத்தை எந்தப் பொறியும் அவருக்காகப் படவில்லை. ஆதலின் குமாரசுவாமியின் அளவுகோலின்படி யாழ்ப்பாணத்து அச்சுப்பொறி கருவியே ஆகும். இவ்விடத்து அவர் கொள்கை குறைவின்றிப் பொருந்துகின்றது.

அடுத்தது கிணறு. ஆறில்லாத நாட்டில் கிணறே உயிர். வலிகாமத்துத் தோட்டங்களிற் புகையிலைக்கும் வெங்காயத்திற்கும் மிளகாய்க்கும் நீண்டகாலம் துலாவினாலேயே நீர் இறைக்கப்பட்டது. ஆடுகாலிற் பொருத்திய நெடுந்துலாவின்மீது ஒருவரோ இருவரோ முன்னும் பின்னும் நடந்து மிதிப்பர். கிணற்று வாயில் நிற்பவர் பனையோலைப் பட்டையைத் தாழ்த்தி நீர் முகந்து வாய்க்காலில் ஊற்றுவார். பாத்தியிலே நிற்பவர் மண்வெட்டியாற் தண்ணீர் மாறுவார். விடியுமுன் தொடங்கும் இவ்வேலை வெயிலேறும் வரை நீளும். பின்னர் எருது சுற்றும் சூத்திரக் கிணறுகள் சிலவிடங்களில் வந்தன. 1950களிலும் 1960களிலும் மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் பரவியது. மின்சாரம் எட்டிய இடங்களில் மின்னியந்திரமும் வந்தது. துலா மெல்ல மெல்லக் கிணற்றடியை விட்டு நீங்கிற்று.

நீரிறைக்கும் இயந்திரத்தைக் குமாரசுவாமியின் வேறுபாட்டைக் கொண்டு மட்டும் நோக்கின், அதனைக் குற்றங்கூற இடமில்லை. எப்பாத்திக்கு எவ்வளவு நீர், எந்நாளில் இறைப்பு, எந்நாளில் ஓய்வு என்பன கமக்காரனின் அறிவிலேயே நின்றன. மனிதனுக்குரிய பகுதியை இயந்திரம் கவர்ந்துகொள்ளவில்லை. ஆயினும் வேறொன்று நேர்ந்தது. யாழ்ப்பாணத்து நிலத்தடியில் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் மாரி மழையின் நன்னீர் தேங்கி, கடலினின்று உட்புகும் உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேற்பகுதி நன்னீராகவும் ஆழம் உவர்நீராகவும் இருத்தல் இதற்குக் கண்கண்ட சான்று. மேலுள்ள நன்னீரை அளவிறந்து எடுப்பின் கீழுள்ள உவர்நீர் மேலெழும். துலா இருந்த காலத்தில் இவ்வளவைக் காத்தது எவரது அறிவுமன்று. மிதிப்பவனின் கால் ஓய்ந்தபோது இறைப்பும் ஓய்ந்தது. இயந்திரத்திற்குக் கால் ஓய்வதில்லை. அதனால் நீரின் அளவு கமக்காரனின் தன்னடக்கத்தை மட்டும் நம்பி நிற்கவேண்டியதாயிற்று. குடாநாட்டிற் பல கிணறுகள் உவரானமைக்கு மிகை இறைப்பும் ஒரு காரணம் என்பது ஆய்வாளர் கண்ட உண்மை.

இங்கே குமாரசுவாமியின் கொள்கையில் முதற்குறை வெளிப்படுகின்றது. பழைய கருவிகள் மனிதனின் திறமைக்கு இடமளித்ததோடு அவன் விருப்பத்திற்கு எல்லையும் வகுத்தன. திறமையைப் பற்றி அவர் நிரம்பக் கூறினார். எல்லையைப் பற்றி அவ்வளவு கூறவில்லை. ஓர் இயந்திரம் நம் திறமையைப் பறிக்காமலிருந்தும் நம் அளவைப் பறித்துவிடலாம் என்பது கிணற்றடி தரும் பாடம்.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. துலா மிதித்தவர் யார்? பட்டை இழைத்தவர் யார்? குமாரசுவாமி, தந்தை வழி மைந்தன் வழியாகத் தொழில் இறங்கிவரும் முறையைப் புகழ்ந்தார். கைவினைஞனுக்கு அம்முறை பாதுகாப்பும் பெருமையும் அளித்தது என்பது அவர் கருத்து. கண்டிச் சிற்பியின் வகையில் அதில் உண்மை இருக்கலாம். யாழ்ப்பாணத்திலோ பரம்பரைத் தொழில் என்பது பெரும்பாலும் குடிமை முறையோடு பிணைந்து கிடந்தது. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய விதிகளும் இடம்பெற்றன. சட்டப்படி அடிமைமுறை இலங்கையில் 1844ஆம் ஆண்டிலே ஒழிக்கப்பட்டது. வழக்கோ அவ்வளவு விரைவில் ஒழியவில்லை. 1968ஆம் ஆண்டிலும் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்திற்காக மக்கள் போராட வேண்டியிருந்தது. பிறர் தோட்டத்திற் கூலிக்குத் துலா மிதித்தவனுக்கு அது ஆக்கத்திறனை வளர்த்த தொழில் என்று கூறின் அவன் நகைப்பான். கால் தவறினால் வீழும் இடரும், விடியுமுன் எழும் வருத்தமும், தன் மகனும் அதனையே செய்யவேண்டுமென்ற விதியுமே அவன் கண்டவை. அவனைத் துலாவினின்று இறக்கிப் பள்ளிக்கூடத்தை நோக்கச் செய்ததில் இயந்திரத்திற்கும் ஒரு பங்குண்டு. காந்தியடிகள் தையற் பொறிக்கு அளித்த விலக்கு இவ்விடத்திற் பொருந்தும். வேலையின் அழகை மட்டும் நோக்குவோர் உழைப்போனின் உடம்பை மறந்துவிடுதல் எளிது. ஆங்கில நூற்களஞ்சியங்களிடையே வாழ்ந்த குமாரசுவாமி இதற்கு முற்றும் விலக்கானவர் எனல் இயலாது.

இவ்விரு குறைகளையும் கண்டபின், எளிய வாழ்வு என்பதன் பொருளையும் ஆராய்தல் வேண்டும். இதற்கு யாழ்ப்பாணம் தந்த சோதனை கடுமையானது. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டிற்கு மின்சாரம் அற்றுப்போயிற்று. எரிபொருள், மின்கலம், பசளை முதலிய பல பொருள்கள் தடைசெய்யப்பட்டன. மண்ணெண்ணெய் எட்டாத விலைக்கு ஏறிற்று. அக்காலத்தில் மக்கள் செய்தவற்றை இன்றும் முதியோர் நினைவுகூர்வர். ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சிட்டுச் சிறிதளவு மண்ணெண்ணெயில் நனைத்துத் திரியேற்றிய விளக்கில் மாணவர் படித்தனர். துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, அதன் சக்கரத்தைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தால் வானொலி கேட்டனர். பெற்றோலுக்கென அமைந்த இயந்திரங்களைச் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓடச் செய்தனர். சவர்க்காரம் அரிதானபோது பனம்பழக் களியால் ஆடை வெளுத்தனர். செய்தித்தாள் அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சாகி வந்தது.

இவற்றை ஆக்கத்திறன் என்று கூறாதிருத்தல் இயலாது. ஒவ்வொரு பொருளின் உள்ளமைப்பையும் மக்கள் அறிந்தமையாலேயே இவை கைகூடின. டைனமோ எவ்வாறு மின் பிறப்பிக்கின்றது, மண்ணெண்ணெய் எவ்வெப்பத்தில் ஆவியாகின்றது என்பன வகுப்பறைப் பாடங்களாக மட்டும் நில்லாமற் கைப்பழக்கமாயின. பொறியாக வந்த பொருளை மக்கள் மீண்டும் கருவியாக மாற்றிக்கொண்டனர் என்று கூறுதல் மிகையாகாது. ஒரு பொருள் கருவியாவதும் பொறியாவதும் அதன் அமைப்பை மட்டும் பொறுத்ததன்று, அதனைக் கையாள்பவனின் அறிவையும் பொறுத்தது என்பது இதனால் விளங்கும். குமாரசுவாமியின் கொள்கைக்கு இஃது ஒரு திருத்தமும் விரிவுமாகும்.

ஆயினும் அக்காலத்தை எளிய வாழ்வின் பொற்காலமாகப் போற்றுதல் பெரும்பிழை. அவ்விளக்கிற் படித்த பிள்ளைகள் குண்டு வீச்சிற்கு அஞ்சிப் பதுங்குகுழிகளில் இருந்தவர்கள். மருந்தின்றி மாண்டவர் பலர். 1995ஆம் ஆண்டு யூலையில் வலிகாமத்தில் நிகழ்ந்த படை நடவடிக்கை பண்டத்தரிப்பினூடாகவும் சண்டிலிப்பாயினூடாகவும் சென்றது. அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஏறத்தாழ அனைவரும் ஓரிரவில் வெளியேறினர். இல்லாமை ஒருவர்மேற் சுமத்தப்படுவது. எளிமை ஒருவர் தாமே தேர்வது. இருப்பதை வேண்டாமென்று வைக்கும் உரிமை உள்ளவனுக்கே எளிமை ஓர் அறமாகும். தடைக்காலத்தின் திறமையைப் பாராட்டுவோர் தடையைப் பாராட்டிவிடலாகாது.

இனி இக்காலத்துப் பொறிக்கு வருதல் வேண்டும். 2022ஆம் ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், மனிதமொழியிற் கட்டுரையும் கவிதையும் கணக்கும் ஆக்கித்தரும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் பரவிவிட்டன. தமிழிலும் அவை எழுதுகின்றன. விசைத்தறியைப் பற்றிக் குமாரசுவாமி கொண்ட அச்சம் இங்கேயே முழு உருவத்திற் தோன்றுகின்றது. நெசவிலே மனிதனுக்குரிய பகுதி விரல்களின் வேலையாயின், எழுத்திலே அப்பகுதி எது? காகிதத்தில் எழுத்தைப் பொறித்தல் அன்று. அதனை அச்சுப்பொறி என்றோ ஏற்றுக்கொண்டது. எதைக் கூறுவது, எதை விடுப்பது, ஒன்றிலிருந்து மற்றொன்று எவ்வாறு பெறப்படும் எனத் துணிதலே அப்பகுதி. அதனையே இப்பொறி செய்து தருகின்றது.

ஆனால் மேலே கண்ட திருத்தங்களை மறந்து தீர்ப்புக் கூறல் தகாது. 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் கல்லூரி மலர்களையும் ஏட்டுச் சுவடிகளையும் படம்பிடித்து எவரும் எங்கிருந்தும் படிக்க வைத்திருக்கின்றது. அச்செழுத்தைப் படத்திலிருந்து பிரித்தறியும் பொறி இத்தகைய பணிக்குப் பெருந்துணை. பார்வையற்ற ஒருவருக்கு நூலைப் படித்துக் காட்டும் பொறி அதனினும் பெருந்துணை. இவை நாவலரின் யந்திரசாலையின் வழிவந்தவை. எனவே செயற்கை நுண்ணறிவு நன்றோ தீதோ எனப் பொதுப்படக் கேட்பதிற் பயனில்லை. ஒவ்வொரு வேலையையும் தனித்தனி எடுத்து மூன்று வினாக்கள் கேட்டல் வேண்டும். இவ்வேலையில் மனிதனுக்குரிய பகுதி யாரிடம் எஞ்சுகின்றது? இதனால் யாருடைய வருத்தம் குறைகின்றது? இதன் அளவை வகுப்பவர் யார்? முதல் வினா குமாரசுவாமியினுடையது. ஏனைய இரண்டும் கூலிக்கு உழைத்தவனிடமிருந்தும் கிணற்றிலிருந்தும் பெறப்பட்டவை.

மாணவனொருவன் தன் கட்டுரையைப் பொறியினிடம் எழுதுவித்துக் கையளிப்பதை இம்மூன்று வினாக்களாலும் சோதிக்கலாம். மனிதனுக்குரிய பகுதி அவனிடம் எஞ்சவில்லை. குறைந்த வருத்தமோ குறைத்தற்குரியதன்று. கட்டுரை எழுதும் வருத்தமே அவ்வேலையின் பயன். துலா மிதித்தவனின் உழைப்பால் விளைந்த வெங்காயம் பிறருக்குச் சென்றது. கட்டுரை எழுதுபவனின் உழைப்பால் விளைவது அவனிடமே தங்கும் அறிவு. இவ்விரண்டு வருத்தங்களையும் ஒன்றாகக் கருதுதல் இக்காலத்தார் பலரிடத்துக் காணப்படும் மயக்கம். மூன்றாவதாக, அளவு. கை எழுதியபோது ஒரு நாளைக்கு இத்தனை பக்கமென உடம்பு எல்லை வகுத்தது. பொறி எழுதும்போது எல்லையில்லை. படிப்பாரின்றி எழுத்துப் பெருகும். நிலத்தடி நன்னீரைப்போலவே வாசகனின் கவனமும் அளவுடையது என்பதை மறத்தல் ஆகாது. ஆயின், எழுதிய கட்டுரையில் எழுத்துப்பிழை பார்த்தற்கும், கிடைத்தற்கரிய நூலைத் தேடுதற்கும் அதே மாணவன் பொறியைக் கொள்வானாயின் மூன்று வினாக்களுக்கும் தக்க விடை உண்டு. அவனுக்கு அது கருவியே.

ஆகவே எளிய வாழ்வு என்பது பொருள்களைக் குறைத்து எண்ணுவதில் முடிவதில்லை. ஒரு வீட்டில் மாவரைக்கும் பொறி இருந்து, அதனால் மிஞ்சிய பொழுதில் அவ்வீட்டுப் பெண் ஒரு நூலைப் படிப்பாளாயின், அவ்வீட்டை எளிமை நீங்கியதாகக் கூறுதல் இயலாது. உரலை வைத்திருந்து அதில் இடிப்பவளை மட்டும் மாற்றாத வீட்டை எளிமையானதெனப் புகழ்தலும் இயலாது. எவ்வேலையைப் பொறியிடம் விடலாம், எதனை விடலாகாது என்று தானே துணிந்து, துணிந்தபடி நிற்பவனே எளிமையாக வாழ்பவன். அத்துணிவு ஆராய்ச்சியால் வருவது; ஆராயும் வேலையைப் பொறியிடம் விட்டவனுக்கு அது வாய்ப்பதரிது.

குமாரசுவாமியின் கருத்துகளிற் சில காலத்தோடு கழிந்தன. பரம்பரைத் தொழிலைப் பற்றிய அவரது புகழுரையை யாழ்ப்பாணத்தார் அவ்வாறே ஏற்றல் கூடாது. ஆயினும் அவர் எழுப்பிய வினா கழியவில்லை. விசைத்தறியின் முன் அவர் கேட்டதைக் கைத்தொலைபேசியின் முன் இன்று ஒவ்வொரு மாணவனும் கேட்டல் வேண்டும். நம் கல்லூரிகளில் கணினிக்கூடங்கள் வேண்டும். அவற்றோடு, பொறியின் துணையின்றி மாணவன் தானே எண்ணி, எழுதி, திருத்தி, மீண்டும் எழுதும் நேரமும் வகுப்பட்டவணையில் ஒதுக்கப்படுதல் வேண்டும். அந்நேரத்தை வகுத்தல் ஆசிரியர்தம் கடன். அதனைக் காத்தல் மாணவர்தம் கடன்.